ஆக்ஸ்போர்டின் திங்கட்கிழமை இரவுகள்

கடவுள் எல்லாம் வல்லவர், நல்லவரும்கூட என்றால் உலகத்தில் இத்தனை கொடுமை ஏன்? கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கிரேக்கத்து எபிகூரஸ் பெயரில் அது வழங்கிவந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் தூசு தட்டி எடுத்தார். அந்தப் பழைய கதை இருக்கட்டும். நாத்திகரும் கிறிஸ்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இதை வைத்து மோதிக்கொண்ட ஓர் இடத்துக்குப் போவோம்.

1941 டிசம்பர், போர்க்காலம். ஆக்ஸ்போர்டில் மாணவியரின் ஆன்மிகக் காரியங்களைக் கவனித்துவந்த ஸ்டெல்லா ஆல்டுவிங்கிள் ஒரு சங்கம் தொடங்கினார். நம்பிக்கையில்லாதவர்கள் எழுப்பும் கேள்விகளைப் பேச இங்கே ஆளே இல்லை என்று மாணவி ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டதுதான் தூண்டுதல். பெயர் ‘சாக்ரடிக் கிளப்’. பல்கலைக்கழக விதிப்படி மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சி.எஸ். லூயிஸ் ஒப்புக்கொண்டார். அவர் பின்னாளில் எழுதிய நார்னியா கதைகள் அப்போது பிறந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை இரவுகளில் கூட்டம். ஒருவர் கட்டுரை வாசிப்பார், எதிர்த்தரப்பு பதில் சொல்லும், பிறகு சபையே பேசும். நடுநிலை என்று லூயிஸ் வேஷம் போடவில்லை. களம் அமைத்ததும் சவால் விட்டதும் கிறிஸ்தவர்களே என்று கிளப்பின் மலரில் எழுதிவைத்தார். ஆனால் எதிராளி சோப்ளாங்கியாக இருக்கக் கூடாது. பிரமுகர்களின் விவரத் திரட்டைப் புரட்டி, கெட்டிக்கார நாத்திகர்களைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள்.

கடவுள் இருந்தும் கொடுமை ஏன் என்ற கேள்விக்கு லூயிஸ் புதியவரல்ல. ஒன்பது வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர். இளமையில் நாத்திகர், உலகின் கொடூரமே அன்று அவருடைய வாதம். 1931இல் கிறிஸ்தவரானார். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940இல் ‘வலியின் சிக்கல்’ பற்றித் தனி நூலே வெளியிட்டார். மனிதனுக்குச் சுதந்திரம் இருந்தால்தான் அன்புக்குப் பொருள் உண்டு; சுதந்திரம் இருந்தால் தீமைக்கும் கதவு திறந்துதான் இருக்கும் என்பது அதன் அடிப்படை.

ஹிட்லர் விஷயத்தில் இந்தப் பதில் ஓரளவு செல்லும். காட்டுத்தீயில் வேகும் மான்குட்டி யாருடைய சுதந்திரத்துக்கு விலை கொடுக்கிறது? லூயிஸ் விலங்குகளின் வலிக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மனிதன் வருமுன்பே சாத்தான் விலங்குலகைக் கெடுத்திருக்கலாம் என்றார். வளர்ப்புப் பிராணி எஜமான் வழியாக மறுமை பெறக்கூடும் என்றார். நூலிலேயே நோஞ்சான் பகுதி அதுதான் என்பேன். எஜமான் இல்லாத காட்டு ஜீவன்கள் என்ன பாவம் செய்தன?

அந்த இடத்தில் சரியாகக் கை வைத்தவர் சி.இ.எம். ஜோட். பிபிசி வானொலியின் ‘பிரெயின்ஸ் டிரஸ்ட்’ நிகழ்ச்சியால் வீட்டுக்கு வீடு அறிமுகமான தத்துவ ஆசிரியர். (1948இல் டிக்கெட் இல்லாமல் ரயிலேறிப் பிடிபட்டு, இரண்டு பவுன் அபராதம் கட்டி, வானொலி வாய்ப்பையும் இழந்த மகானுபாவர் இவர்தான்.) 1944 ஜனவரியில் சாக்ரடிக் கிளப் மேடை ஏறியவர், 1950இல் ‘தி மன்த்’ என்ற கத்தோலிக்க இதழில் விலங்குகளின் வலி பற்றி லூயிஸைக் குடைந்தெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், பல காலம் மதத்துக்கு வெளியே நின்ற ஜோடைத் தேவாலயத்தின் பக்கம் தள்ளியதே தீமைதான். மனிதன் படிப்படியாகத் திருந்திவிடுவான் என்ற முற்போக்கு நம்பிக்கையைப் போர் அவரிடம் உடைத்துப்போட்டது. 1952இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, மீண்டும் நம்பிக்கை பெற்ற கதையை நூலாக்கினார்.

தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ போனது எதிர்த்திசையில். மெதடிஸ்ட் போதகரின் மகன். பெற்றோருடன் ஜெர்மனிக்குப் போனபோது யூத வெறுப்பைக் கண்ணால் பார்த்த பையன், பதினைந்து வயதில் கடவுளைக் கைவிட்டான். 1950இல் லூயிஸ் தலைமையில் கிளப்பில் ஃப்ளூ வாசித்த கட்டுரை சில பக்கங்கள்தான். தொண்டைப் புற்றுநோயில் ஒரு குழந்தை சாகிறது. பெற்ற தகப்பன் பைத்தியம் பிடித்தவன்போல் அலைகிறான்; பரமபிதாவோ அசையக் காணோம். கடவுளின் அன்பு மனித அன்பு மாதிரியல்ல என்கிறீர்கள். சரி, இன்னும் என்ன நடந்தால் ‘அன்பு இல்லை’ என்று ஒத்துக்கொள்வீர்கள்? எதுவுமே உங்கள் கூற்றைப் பொய்யாக்காது என்றால், நீங்கள் சொன்னதில் என்ன சொன்னீர்கள்?

பல்கலைக்கழக இதழ் ஒன்றில் பதில்கள் வந்தன. கிறிஸ்தவத் தத்துவவாதி பேசில் மிட்செல் ஒரு கதை சொன்னார். எதிரி பிடித்த நாட்டில், தலைமறைவு வீரன் ஒருவன் ஓர் இரவு முழுக்க ஓர் அந்நியனுடன் பேசுகிறான். நான் உங்கள் பக்கம், என்ன நடந்தாலும் என்னை நம்பு என்கிறான் அந்நியன். பிறகு அவன் சில நாள் வீரர்களுக்கு உதவுகிறான். சில நாள் போலீஸ் உடுப்பில் நின்று அவர்களையே பிடித்துக்கொடுக்கிறான். வீரனின் நம்பிக்கை கலையவில்லை. ஆனால் மனம் படாதபாடு படுகிறது. அந்தப் பாட்டை மறைக்காததால் மிட்செலின் பதிலை நான் மதிக்கிறேன். ஃப்ளூவின் கணக்கு மட்டும் தீரவில்லை: எத்தனை பேரைப் பிடித்துக்கொடுக்கும்வரை நம்புவது?

இன்னொரு பதில் ஆர்.எம். ஹேருடையது. தன்னை எல்லாப் பேராசிரியர்களும் கொல்லப் பார்ப்பதாக நினைக்கும் பைத்தியக்காரனைக் காட்டி, ஆதாரத்துக்கு முந்தைய அடிப்படைப் பார்வை பற்றி எழுதினார். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர் இந்த ஹேர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் மடிந்த அதே பாதை. அதைப் பற்றி அந்தப் பதிலில் அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை.

1954இல் லூயிஸ் கேம்பிரிட்ஜ் போனார். கிளப்பின் தலைமை மிட்செலுக்கு வந்தது. 1960இல் லூயிஸின் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். மறு ஆண்டு புனைபெயரில் வெளியான லூயிஸின் துயரக் குறிப்புகளில் 1940இன் சாமர்த்திய வாதங்களைக் காணோம். கடவுள் இல்லையோ என்ற பயமல்ல, இருப்பவர் இவ்வளவு கொடூரரோ என்ற பயம். நம்பிக்கைக்குத் திரும்பித்தான் முடிக்கிறார். ஆனால் தட்டித் தடுமாறி.

ஃப்ளூ 2004இல் கட்சி மாறி உலகத்தையே திகைக்க வைத்தார். மரபணுவின் சிக்கலான அமைப்பைப் பார்த்து, படைத்த அறிவு ஒன்று இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தாராம். கிறிஸ்தவ மேடைகளில் ஒரே கொண்டாட்டம். அவர் ஏற்றதோ அரிஸ்டாட்டிலின் கடவுளை. மனிதர் விவகாரத்தில் தலையிடாத, யாருக்கும் தகப்பன் என்று உரிமை கொண்டாடாத கடவுளை.

(தொடரும்)