விடுதலைக்கு ஒரு தகுதித் தேர்வு: ‘ஆனீஸ் கமிங் அவுட்’ திரைப்படத்தின் வாதம்

காப்பகத்தில் அடைபட்ட மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய திரைப்படங்களில், கில் பிரீலி இயக்கி 1984இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படமான ‘ஆனீஸ் கமிங் அவுட்’ அளவுக்குச் சினம் கொண்டவை குறைவு. அந்தச் சினம் நியாயமானது. ஆனால் அதுவே படத்தைத் தவறான கேள்விக்குள் இழுத்துச் செல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கடுமையான பெருமூளை வாதத்துக்கு உள்ளான இளம்பெண் ஒருத்தி காப்பகத்தைவிட்டு வெளியேறலாமா என்பதே படத்தின் சிக்கல். அவளுக்கு அறிவு இருக்கிறதா என்ற வேறொரு கேள்வியின் விடையைக் கொண்டு படம் அதைத் தீர்த்துவிடுகிறது.

கதைக்கு மூலம் ஆன் மெக்டொனால்டின் வாழ்க்கை. விக்டோரியா மாநிலத்தில் 1961இல் பிறந்த அவர், மூன்று வயதில் மெல்போர்ன் நகரின் கார்ல்டன் பகுதியிலிருந்த செயின்ட் நிக்கோலஸ் மருத்துவமனையில் விடப்பட்டார். நகரின் குழந்தைகள் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போனபின், அது காலிசெய்த பழைய இடத்தில் தொடங்கப்பட்ட காப்பகம் இது. குணமாகக்கூடிய பிள்ளைகளுக்குப் புதிய கட்டடம், ஆகாதவர்களுக்குப் பழையது என்ற பங்கீட்டிலேயே பாதிக் கதை அடங்கியிருக்கிறது. அங்கு பணியாற்றிய ரோஸ்மேரி கிராஸ்லி, 1977இல் ஆனின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைச் சுட்டப் பழக்கினார். சொற்கள் வந்தன, பிறகு வாக்கியங்களும் வந்தன. அவை ஆனுடையவை என்று நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனுக்கு 18 வயதானதும் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. விக்டோரியாவின் உச்ச நீதிமன்றம் 1979இல் அவர் வெளியேற வழிவிட்டது. மறு ஆண்டு, இருவரும் அத்தியாயங்களைப் பகிர்ந்து எழுதியதாக அமைந்த நூல் வெளிவந்தது.

நூலில் இரண்டு குரல்கள் உண்டு. படத்திலோ ஒரு கதாநாயகிதான். கிராஸ்லி இங்கே ஜெசிகா ஹாத்வே ஆகிறார், ஆன் ஆனி ஆகிறார். ஆஞ்செலா பஞ்ச் மெக்ரெகர் ஏற்ற ஜெசிகா பாத்திரத்தைச் சுற்றியே திரைக்கதை நகர்கிறது. பார்ப்பவள், ஐயுறுபவள், போராடுபவள், வெல்பவள் எல்லாம் அவளே. வார்டில் கிடக்கும் ஆனி வெல்லப்பட வேண்டிய வழக்காகிறாள். திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான கிறிஸ் போர்த்விக் கிராஸ்லியின் வாழ்க்கைத் துணைவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இது குற்றச்சாட்டு அல்ல. வழக்கின் ஒரு தரப்பு தன் மனுவைத் திரையில் மீண்டும் ஒருமுறை தாக்கல் செய்திருக்கிறது என்பதை மறந்து படத்தைப் படிக்க முடியாது என்பதே என் கருத்து. ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் அவ்வாண்டு விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகை, சிறந்த தழுவல் திரைக்கதை மூன்றும் இதற்கே கிடைத்தன.

படத்தின் உண்மையான பலம் நடிகர் தேர்வில் இருக்கிறது. ஆனியாக வரும் டீனா ஆர்ஹோண்டிஸ் பெருமூளை வாதத்தோடு வாழ்ந்த சிறுமி. ஐந்தாண்டுகள் கழித்து ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்தில் டேனியல் டே-லூயிஸ் இத்தகைய உடலை நடித்துக் காட்டி ஆஸ்கர் வாங்கினார். அங்கே உடல் நடிகரின் சாதனை. இங்கே அது யாருடைய சாதனையும் அல்ல, வெறுமனே அங்கே இருக்கிறது. அந்த உடலின் முன் பார்வையாளர் வியக்கவோ கைதட்டவோ இடமில்லை. அண்மைக்காட்சிகளில் அவளது கண்கள் அசையும்போது, நீதிபதி நம்புவதற்கு வெகு முன்பே நாம் நம்பிவிடுகிறோம். நீதிமன்றத்துக்குக் கிடைக்காத சான்றைக் கேமரா நமக்கு மட்டும் தந்துவிடுகிறது. ஒரு சிறுமியின் பார்வையில் நாம் காணும் விழிப்பு, வேறொரு பெண்ணின் வாக்கியங்களுக்கு ஜாமீன் ஆகிறது.

‘மை லெஃப்ட் ஃபுட்’ ஒப்பீடு இன்னொரு வகையிலும் உதவும். கிறிஸ்டி பிரவுன் தன் இடது காலால் எழுதினார். எழுதியது யார் என்ற ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆனின் கையையோ இன்னொருவர் பிடித்திருந்தார். கிராஸ்லியின் முறை, அமெரிக்கக் கல்வியாளர் டக்ளஸ் பிக்லென் வழியாக ‘ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்’ என்ற பெயரில் 1990களில் அங்கே வேகமாகப் பரவியது. பின்னர் கட்டுப்பாட்டுச் சோதனைகள் நடந்தன. உதவியாளருக்கு ஒரு படம், பேச இயலாதவருக்கு வேறொரு படம் காட்டப்பட்டபோது, தட்டச்சில் வந்தது உதவியாளர் கண்ட படத்தின் பெயர். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அந்த உதவியாளர்களுக்கு இல்லை. ஆவிகளோடு பேசுவதற்கென்று வைக்கும் ஓஜா பலகையில் விரல் வைத்தவர்கள் காசு தானாக நகர்கிறது என்று நம்புவதைப் போன்றது அது. அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இம்முறையை அறிவியல் ஆதாரம் அற்றது என்றது. ஆன் 1993இல் டீக்கின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 2010இல் மறைந்தார். அவர் பெயரில் வெளிவந்த எழுத்து அவருடையதுதானா என்ற வாதம் அவரோடு முடியவில்லை.

இந்த வரலாற்றை அறிந்தபின் படத்தைத் திரும்பப் பார்த்தால், அதன் வாதம் எவ்வளவு மெலிதான கொம்பில் தொங்குகிறது என்பது தெரியும். சுட்டப்பட்ட எழுத்துகள் ஆனியுடையவை அல்ல என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவளைக் காப்பகத்திலேயே விட்டிருக்கலாமா? படத்தின் தர்க்கப்படி ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அறிவில்லாத உடலென்றால் வார்டு போதும் என்ற அனுமானத்தில் நிர்வாகமும் ஜெசிகாவும் ஒன்றுபடுகிறார்கள். ஆனி எந்தப் பக்கத்தில் சேர்த்தி என்பதில் மட்டுமே அவர்களுக்குள் சண்டை.

உண்மையில் அந்த நிறுவனத்துக்கு எதிரான வலுவான சாட்சிக்கு எழுத்துப் பலகை தேவைப்பட்டிருக்காது. 18 வயதில் ஆனின் எடை 20 கிலோவைக்கூட எட்டவில்லை. வெளியே வந்து முறையான உணவு கிடைத்தபின் அவர் உடல் வளர்ந்தது. அதை யாருடைய கையும் பிடித்து எழுதவில்லை. வார்டின் அவலத்தைப் படமும் காட்டத் தவறவில்லை. ஆனால் அறிவுள்ள ஒருத்திக்கு இது நேரலாமா என்ற ஆதங்கமாகவே அதைக் காட்டுகிறது. பட்டினி என்பது அறிவுள்ளவருக்கு மட்டும் கொடுமையாவது எப்படி?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது எளிதில் ஒதுக்கக்கூடியதும் அல்ல. வெளியேற விரும்புகிறாள் என்று காட்டினால்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று வாதிட முடியும். அன்றைய சட்டத்தில் வேறு கதவு திறந்திருக்கவில்லை. குறைபாட்டின் தன்மை எதுவானாலும் சமூகத்தில் பிறரோடு வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 19ஆம் பிரிவில் சொன்னது 2006இல்தான். ஆகவே கிராஸ்லி தேர்ந்த வழியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வழக்கறிஞர் கிடைத்த கதவைத்தான் தட்ட முடியும். ஆனால் திரைப்படம் நீதிமன்றம் அல்லவே. தீர்ப்பு வந்த அன்று அதே வார்டில் கிடந்த மற்றப் பிள்ளைகளின் பக்கம் கேமராவைத் திருப்பி, இவர்களுக்காக யார் மனுப் போடுவது என்று கேட்க அதற்கு எந்தச் சட்டத் தடையும் இருக்கவில்லை. ஒருத்தியின் வெற்றியில் நிறைவடையும் நாடகக் கட்டுமானம் அந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை.

செயின்ட் நிக்கோலஸ் 1985இல் மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் ஊருக்குள் சிறு வீடுகளுக்குக் குடிமாறினார்கள், எழுத்துகளைச் சுட்டியவர்களும் சுட்டாதவர்களும் சேர்ந்தே. ஆன் வழக்கு எழுப்பிய பரபரப்புக்கும் படம் கிளப்பிய கோபத்துக்கும் அந்த முடிவில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் வெளியேறியவர் எவரும் தனக்கு அறிவிருக்கிறது என்று நிரூபித்துவிட்டு வாசலைத் தாண்டவில்லை. கதாநாயகியோ உச்சக்காட்சியோ இல்லாத அந்த வெளியேற்றத்தில், பிரீலியின் படம் வார்டில் விட்டுவந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.