பாண்மகன் தூண்டிலும் பாலாற்றுச் செலவும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவை அரங்கக் கூட்டத்தோடு முடித்துவிடாமல், உறுப்பினர் அனைவரும் ஒரு பகற்பொழுது ஆற்றில் மிதந்து சென்று, தூண்டிலிட்டு, கவிதை படித்து மீள்வது என்று செயற்குழுவில் பேசப்பட்டது. ஆறு பாலாறு. செங்கற்பட்டுப் பாலத்தருகே மிதவையேறி, வாயலூர் முகத்துவாரத்தில் கரையேறுவது என்று கவிஞர் ஒருவர் தாளில் கோடு கிழித்தும் காட்டினார். அவ்வாற்றில் படகேறியவர் நம்முள் ஒருவரும் இலர். பலர் தொடர்வண்டிப் பாலத்தின் மேலிருந்து அதன் மணலைக் கண்டவர்; அவ்வளவே. முன்னோர் இத்தகைய செலவுகளை எங்ஙனம் திட்டமிட்டனர் என்று எழுதித் தருமாறு செயலாளர் என்னைப் பணித்தார். எழுதத் தொடங்கியபின்தான், அறியாத நீருக்குச் செல்வோன் எதைக் கொண்டு செல்கிறான் என்பதைவிட, யாரைக் கேட்டுச் செல்கிறான் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்று தெளிந்தேன்.

வழி அறியாதவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி நம்முடையது. ஆற்றுப்படை என்னும் சொல்லில் உள்ள ஆறு நெறியைக் குறிப்பதேயன்றி நீரோடும் ஆற்றைக் குறிப்பதன்று. எனினும் இக்கட்டுரையின் பொருட்டு இரு பொருளையும் ஒருங்கே எண்ணிக்கொள்வதில் பிழையில்லை. தொண்டைநாட்டுக்கென்றே அமைந்தது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு, பரிசில் பெற்று மீளும் மற்றொரு பாணன் வழியுரைக்கிறான். 500 அடிகளில் அவன் கூறுவன யாவை? எந்நிலத்தில் எவர் வாழ்வர், அவர் என்ன உணவு தருவர், எங்கே இளைப்பாறலாம் என்பன. வலைஞர் குடியிருப்பில் அரிசியில் வடித்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்பது வரை அவன் சொல்லிவிடுகிறான். ஒருநாட் செலவுக்கு இதனினும் பயனுள்ள குறிப்பு வேறு என்ன வேண்டும்?

வலைஞர் குடியிருப்பை விட்டு அகன்றதும் ஒரு சிறு காட்சி வருகிறது. பாண்மகன் ஒருவன் நீர்க்கரையில் நிற்கிறான். இரைக்கான பச்சை ஊன் இட்ட தோற்பை அவன் தோளில் தொங்குகிறது. கையில் நீண்ட மூங்கிற்கோல். அதில் கட்டிய கயிறு. கயிற்றின் முனையில் வளைந்த இரும்பு முள். வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. முள் வறிதே கிடக்கிறது. தப்பிய மீன் அதன்பின், நீர்மேல் அசையும் பிரம்பின் நிழலைக் கண்டும் தூண்டிற்கோல் என்று அஞ்சுகிறது. புலவர் தூண்டிற்காரனின் வெற்றியைப் பாடவில்லை. மீனின் அச்சத்தைப் பாடினார். நீரின்மேல் தன் நிழல் விழாமல் நிற்க வேண்டும் என்பது இன்றும் தூண்டிலிடுவோர் முதலிற் கற்கும் பாடம். அப்பாடத்தை மீனின் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார் உருத்திரங்கண்ணனார்.

இங்கு நம் கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வழி கேட்பவனும் பாணன், வழி சொல்பவனும் பாணன், தூண்டிலிடுபவனும் பாண்மகன். யாழும் தூண்டிலும் ஒரே குடியின் கைகளில் இருந்தன. மருதத் திணைப் பாடல்களில் பாணர் மீன்பிடிப்போராகவும் பாண்மகளிர் மீன் விற்போராகவும் வருவதைப் புலவர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். குறுந்தொகையில் ஒரு புலவர்க்கு மீனெறி தூண்டிலார் என்றே பெயர். யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் மேலெழுவதற்கு அவர் கூறிய உவமையே இயற்பெயரை மறைத்து நிலைத்துவிட்டது. வள்ளுவரோ சூதாட்டத்தில் வரும் வெற்றிக்கு, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பை உவமையாக்கினார். தூண்டிலை நமக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று செயற்குழுவில் ஒருவர் கூறியதற்கு இவற்றையே விடையாக வைக்கிறேன்.

வழியுரைக்கும் பாணன் செய்யத்தகாததையும் கூறுகிறான். ஆழ்ந்த கயத்தில் தீப்போல் மலர்ந்திருக்கும் தாமரை கடவுளுக்குரியது, அதை அணுகாதீர்; வேறு மலர்களைச் சூடிச் செல்லுங்கள் என்பது அவன் அறிவுரை. நீருக்கு உரியவர் உண்டு, அந்நீரில் தொடத்தகாதன உண்டு என்பதை வெளியூரான் தானே அறிய வழியில்லை. உள்ளூர் அறிவு என்று நான் கூறுவது இதனையே.

அவன் கூறும் நீர்ப்பெயற்றுத் துறை எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. மாமல்லபுரம் என்பார் சிலர். பாலாற்று முகத்தை அடுத்த வசவசமுத்திரம் என்பார் சிலர். வசவசமுத்திரத்தில் 1970-ஐ ஒட்டித் தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. எவ்வாறாயினும், நம் மிதவை கரையேறும் இடமாகக் கவிஞர் கோடு கிழித்த அதே கடற்கரைப் பகுதியில் பழங்காலத்திலேயே கலங்கள் வந்து நின்றன. வாயலூரில் இராசசிம்ம பல்லவனின் மரபுவரிசையைக் கூறும் தூண் கல்வெட்டு உள்ளது. மீன் அகப்படாவிடினும் காண்பதற்கு அஃதிருக்கிறது.

ஆற்றுப்படைக்குப் பின் தூண்டிற்காரனுக்கென வழிநூல் எழுந்தது ஆங்கிலத்தில்தான். சென்னை மாகாணத்துக் குடிமைப் பணி அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ், 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை 1873-இல் மங்களூரில் வெளியிட்டார். இந்திய ஆறுகளை அறியாத ஆங்கில அதிகாரிக்கு எந்நீரில் எம்மீன், எக்காலம், எவ்விரை, எக்கருவி என்று கூறும் நூல் அது. 1887-இல் ஏரித் தூண்டில் பற்றித் தனிநூல் ஒன்றும் எழுதினார். ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் நம் மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு அப்பின்னூலே மிகவும் பொருந்தும். செங்கற்பட்டுக்காரரின் உண்மையான நீர்நிலை ஆறன்று, ஏரி. கொளவாயும் மதுராந்தகமும் விராலும் கெளுத்தியும் தந்த அளவுக்குப் பாலாறு தந்ததில்லை. ஏரிமீனுக்கு உரிமையும் வரியும் இருந்தன. மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் சொற்கள் கல்வெட்டுகளில் பயில்கின்றன. இன்றும் ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. கேளாமல் தூண்டில் போட்டால் குத்தகைதாரர் கவிதைக்கு மயங்கமாட்டார்.

தாமஸின் காலத்திலேயே, படை மருத்துவராயிருந்து மீன்வளத் துறைத் தலைவரான பிரான்சிஸ் டே என்பார், இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையை 1873-இல் அளித்தார். மாவட்ட ஆட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வினாக்கள் அனுப்பி விடைகளைத் தொகுத்தார். வட்டாட்சியர் யாரைக் கேட்டு விடை எழுதியிருப்பார்? வலையின் கண் எத்தனை விரற்கடை, எம்மாதத்தில் மீன் ஏறும், எதைக் கொண்டு கலக்கிப் பிடிப்பர் என்பன அலுவலகக் கோப்பில் பிறக்கும் செய்திகள் அல்ல. செம்படவரும் இருளரும் சொன்னவை வட்டாட்சியர் கையெழுத்தில் ஏறி, ஆட்சியர் வழியாக டேயின் அறிக்கையுள் புகுந்தன என்று கொள்வதே பொருந்தும். சொன்னவர் பெயர் எதுவும் உடன் செல்லவில்லை. பாணனுக்குப் பாணன் நேரே வழியுரைத்த முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இப்பகுதியின் நீர்வழிச் செலவு என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவு வருவது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் ஒருவர் வெட்டிய கால்வாய் படிப்படியாக நீண்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, ஆளுநர் பெயரைப் பெற்றது. பசித்தவர் வெட்டிய வாய்க்காலில் பின்னர் பலர் இன்பச் செலவு போனார்கள். மாலையில் சென்னையில் தோணியேறிப் படுத்தால் மறுநாள் மாமல்லபுரச் சிற்பங்களைக் காணலாம் என்பது சாலை வசதி பெருகுமுன் சுற்றுலாக்காரர் அறிந்த வழி.

1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் இவ்வழியே தோணியிற் சென்றார். உடன் சென்றவருள் ப. ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமி, குத்தூசி குருசாமி, குஞ்சிதம் ஆகியோர் இருந்தனர். இலக்கியக் குழு ஒன்றின் நீர்ச்செலவுக்கு இதைவிடச் சிறந்த முன்னோடி நமக்கில்லை. 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதை அதன் விளைவு. கவிதையின் அழகை வட்டத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். ஒரு பகுதியை மட்டும் போதிய அளவு பேசவில்லை. ஒருவன் கரைமேல் நடந்து கயிற்றைத் தோளில் தாங்கித் தோணியை இழுக்கிறான். மற்றொருவன் முதுகு வளையக் கோலூன்றித் தள்ளுகிறான். அதைக் காணப் பொறுக்கவில்லை என்று கவிஞர் எழுதுகிறார். நிலவையும் நீரையும் பாட வந்தவர் அங்கே நின்றுவிட்டார். உடன் சென்ற நண்பர்களின் பெயர்களை வாழ்க்கைக் குறிப்புகள் காத்துத் தந்துள்ளன. கயிறிழுத்தவர் பெயரும் கோலூன்றியவர் பெயரும் நமக்கு வரவில்லை. பாவேந்தரைக் குறை கூறுவதாக இதனைக் கொள்ளற்க. அவ்விருவரையும் பாட்டினுள் ஏற்றியவர் அவரே. ஏற்றாமல் விட்டவர் எத்தனையோ பேர்.

அச்செலவை இன்று நாம் மீண்டும் நிகழ்த்த இயலாது. நகருக்குள் கால்வாயின் நடுவே பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் நிற்கின்றன. எஞ்சிய பகுதிகளிலும் தூர்வும் கழிவும் மிகுதி. ஆகவேதான் நம் கவிஞர் பாலாற்றுக்குத் திரும்பினார் போலும்.

பாலாற்றுக்கு வருவோம். நந்திமலையில் தோன்றி, கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, தமிழகத்துள் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடி வாயலூரருகே கடலில் கலக்கும் ஆறு இது. ஓடி என்பதை இலக்கண வழக்காகவே கொள்க. ஆண்டின் பெரும்பகுதி அது மணலுக்கடியிற் செல்கிறது. ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தவர் நம் உழவர். மேலே ஓடும் நாளோ அளவின்றி ஓடுகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும், 2015, 2021 ஆண்டுகளின் நவம்பர் வெள்ளங்களும் இதற்குச் சான்று. எனவே ஐப்பசி, கார்த்திகையில் மிதவை இறக்குவது அறியாமை; சித்திரையில் இறக்குவது நகைச்சுவை. எஞ்சுவது தை, மாசி.

தாளில் கிழித்த கோடும் திருத்தப்பட வேண்டும். பாலத்திலிருந்து முகத்துவாரம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வெள்ளம் வடிந்தபின் மிதவையை உந்தித்தள்ளும் ஓட்டம் அங்கில்லை. இடையே வல்லிபுரம்-ஈசூர் தடுப்பணையும், கடைசியில் வாயலூர்-கடலூர் தடுப்பணையும் குறுக்கிடுகின்றன. இரண்டும் 2019-ஐ ஒட்டி எழுந்தவை. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. முழங்கால் நீர் என்று காலை வைத்த இடத்தில் அடுத்த அடி ஆளை விழுங்கும். இப்பள்ளங்கள் எந்த நிலப்படத்திலும் இல்லை. நாள்தோறும் இறங்குபவர் நினைவில் மட்டுமே உள்ளன. தாமஸின் நூலை வரி விடாமல் படித்தாலும் இவை அதில் கிடைக்கமாட்டா.

இதன்பொருட்டுச் சென்ற மாதம் செயலாளரும் நானும் வாயலூர்ப் பக்கம் சென்றிருந்தோம். அணைக்கு மேலே நீர் தேங்கிய இடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேசினோம். மிதவை என்று நாங்கள் கூறியது அவருக்கு விளங்கவில்லை; தெர்மோகோல் பலகைகளைக் கட்டி அதன்மேல் அமர்ந்து வலைவிடும் தம் வழக்கத்தைக் காட்டினார். லாரி டியூபும் உண்டாம். தக்கைக்கு மயிலிறகின் தண்டே நல்லது, கடையில் விற்கும் வண்ணத் தக்கை காற்றில் ஆடி ஏமாற்றும் என்றார். அணைக்குக் கீழே முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் மடவையும் கொடுவாவும் ஏறும். மணல் அடைத்துவிட்டால் வருவதில்லை. அடைப்பதும் திறப்பதும் எப்போது என்று கேட்டேன். கடலைக் காட்டிச் சிரித்தார். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வரும் நேரத்தில் அவர்கள் தடவும் கரையோரத்தைக் கலக்கக்கூடாது என்றும் எச்சரித்தார். கடவுட்பூவை அணுகாதீர் என்ற பாணனின் குரல் எனக்கு அப்போது கேட்டது.

எனவே என் பரிந்துரை இது. முப்பது கிலோமீட்டர் வேண்டா. அணைக்கு மேலுள்ள தேங்குநீரில் ஒரு கிலோமீட்டர் போதும். நாள் தையில். நீர்வளத் துறையிலும் ஊராட்சியிலும் முன்னரே கேட்டல் வேண்டும். உயிர்காப்புச் சட்டை இன்றி ஒருவரும் நீரில் இறங்கலாகாது. அழைத்துச் செல்பவர்க்கு ஒருநாள் வலையில் வரக்கூடியதற்குக் குறையாத கூலி. அவர் இசைந்தால், இச்செலவைப் பற்றி நாம் அச்சிடும் எதிலும் கவிஞர் பெயர்களுக்கு முன்னே அவர் பெயர். செயற்குழுவில் இக்கடைசிக் கூறு விவாதத்திற்குரியது என்று சிலர் கருதுவதாக அறிகிறேன். விவாதிப்போம், நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புறப்படும்போது முதியவர் எங்களை நிறுத்தினார். இரை எது, எந்நாள், எத்தனை தூண்டில் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த வினாக்கள் அனைத்தும் முடிந்திருந்தன. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே: "ஏம்மா, உங்கள்ல எத்தினி பேருக்கு நீச்சல் தெரியும்?" செயலாளர் பையிலிருந்து உறுப்பினர் பட்டியலை எடுத்து, மணலில் அமர்ந்து, ஒவ்வொரு பெயராகப் பார்க்கத் தொடங்கினார்.