சீதளையின் பத்தியம்: வங்காளத்தில் அம்மைகுத்தலும் வழிபாடும்

சமய ஈடுபாடு உடல்நலத்திற்கு உதவுகிறதா என ஆராய்வோர் பெரும்பாலும் மனநிலையையே அளக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தின் பெரியம்மை வரலாறு அக்கேள்வியை உடலுக்கு வெகு அருகில் கொண்டுவருகிறது.

அங்கு டீக்காதார் எனப்பட்டோர் அம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலில் ஏற்றி, இலேசான நோயை வரவழைத்துக் கொடிய நோயைத் தடுத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஹோல்வெல், 1767இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலில் இதனை விரித்துரைக்கிறார். கொள்ளைநோய்ப் பருவம் தொடங்குமுன் அவர்கள் ஊர் ஊராக வருவர். குத்திக்கொள்வோர் ஒரு மாதம் முன்பிருந்தே மீன், பால், நெய் விலக்க வேண்டும். முந்தைய ஆண்டு எடுத்துவைத்த சீழில் நனைந்த பஞ்சைக் கங்கைநீர் தெளித்துக் கைக்கீறலின்மேல் வைத்து, வழிபாட்டு மொழிகளை ஓதுவர். பின்னர் தலைமீது குளிர்ந்த நீர் ஊற்றப்படும். நோயாளி வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது, காற்றோட்டத்திலேயே இருக்க வேண்டும். குணமானபின் அம்மைத் தெய்வத்திற்குக் காணிக்கை.

இதில் எது மருத்துவம், எது வழிபாடு? செய்தவர்க்கு அப்பிரிவே இல்லை. சீதளா என்ற பெயருக்கே ‘குளிர்ந்தவள்’ என்று பொருள். குளிர்நீரும் பத்தியமும் அவளுக்குரிய ஒழுக்கம். நம் மாரியம்மன் வழிபாட்டின் வேப்பிலையையும் கூழையும் அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஓராண்டு பழைய சீழில் நோயின் வீரியம் தணிந்திருக்கக் கூடும். காய்ச்சலில் வெந்தவரைப் புழுக்கமான அறையில் பூட்டிவைத்த பழைய ஐரோப்பிய வழக்கத்தைவிடத் திறந்தவெளி நிச்சயம் மேல். ஒரு மாதப் பத்தியத்தை ஊரே பிறழாமல் காத்ததற்கு மருத்துவரின் அறிவுரை மட்டும் போதியிராது. தெய்வத்தின் மீதிருந்த அச்சமும் அன்பும் அதற்கு வேண்டியிருந்தன.

ஆனால் அதே ஒழுக்கத்தில் ஆபத்தும் இருந்தது. குத்தப்பட்டவரிடமிருந்து பிறருக்கு உண்மையான பெரியம்மை பரவும். காற்றாட வெளியில் இருப்பவர் தமக்கு நலம் தேடிக்கொள்கிறார். குத்திக்கொள்ளாத அண்டை வீட்டாருக்கு அது கேடாகலாம். அரசின் அச்சத்தை வெறும் காலனிய ஆணவம் எனத் தள்ளிவிட முடியாது.

1802இல் பம்பாயில் ஜென்னரின் தடுப்பூசி முதன்முதலில் பலித்தது. அது பாதுகாப்பானது, ஆனால் அதற்குப் பத்தியம் இல்லை, தெய்வம் இல்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து நிணநீரை எடுத்து வேறு சாதிக் குழந்தைக்கு ஏற்றும் முறை வெறுப்பையும் வளர்த்தது. இந்த வெற்றிடத்தைச் சில அதிகாரிகள் உணர்ந்தே இருந்தனர். சென்னையின் எல்லிஸ், தடுப்பூசியைப் பசுவின் கொடையாகக் காட்டச் சமஸ்கிருதத்தில் செய்யுள் இயற்றி, பழஞ்சுவடிபோல் தோன்றச் செய்தார் என்றொரு பதிவு உண்டு. பக்தியைப் போலியாக உண்டாக்க முயன்ற விசித்திரமான பொதுச் சுகாதாரம்!

1865இல் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய அம்மைகுத்தல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் புதிய ஊசியை வீடுவீடாகக் கொண்டுசெல்ல மக்கள் நம்பும் கைகள் தேவைப்பட்டன. பழைய டீக்காதார்களிற் சிலரையே அரசு தடுப்பூசியாளராக அமர்த்திக்கொண்டது.