நிறையும் நிகரும்: குத்துச்சண்டை ஆற்றுகைகளை மதிப்பிடுவதற்கான அளவுகோல்கள்

1958 இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நா. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். 1971 இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்குநீரிணையை 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்து மீண்டார். குடாநாடு கொண்டாடும் இவ்விரு சாதனைகளையும் எண்ணால் சொல்லிவிடலாம். குத்துச்சண்டைக்கு அந்த வசதி இல்லை. நிறைப்பிரிவுகள் ஒவ்வொன்றிலும் தலைசிறந்த ஆற்றுகை எது என்று பட்டியலிடுவோர் பெரும்பாலும் பார்வைக்கு அழகான வெற்றியையோ விரைவாக முடிந்த வெற்றியையோ முன்வைக்கின்றனர். எதிராளியின் அன்றைய வலுவை முதன்மை அளவுகோலாகக் கொள்ளாத எந்தப் பட்டியலும் பிழைபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறைப்பிரிவு என்பது சமநிலைக்கான ஓர் உடன்பாடு. அதன் தேவையை 1952 ஜூன் 25 அன்று நியூயோர்க்கில் நடந்த போட்டி காட்டும். மிடில்வெயிட் சம்பியனான சுகர் ரே ரொபின்சன், தம்மிலும் ஏறத்தாழ 15 இறாத்தல் கூடிய ஜோய் மக்சிமை எதிர்த்தார். 13 சுற்றுகள் முடிந்தபோது புள்ளிகளில் அவரே முன்னிலை வகித்தார். ஆயினும் கடும் வெக்கையில் களைத்து, 14 ஆம் சுற்றுக்கு எழ முடியாமல் தோற்றார். வெக்கை இருவருக்கும் பொது. பாரமான உடலைத் தள்ளியும் தாங்கியும் நின்ற களைப்பு ரொபின்சனுக்கு மட்டும் உரியது.

இதிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். எதிராளி அன்று தம் வலுவின் உச்சத்தில் இருந்தாரா? வென்றவர் கடந்த தடை எத்தகையது? சமநிலை உடன்பாடு நேர்மையாகக் காக்கப்பட்டதா?

முதலில் ஹெவிவெயிட். முகமது அலியின் மிகச் சிறந்த ஆட்டமாக 1966 இல் கிளீவ்லன்ட் வில்லியம்சை 3 சுற்றுகளில் வீழ்த்தியதைப் பலர் குறிப்பிடுவர். அலியின் வேகமும் கால்நகர்வும் அன்று உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் வில்லியம்ஸ் 1964 இல் காவலர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி, ஒரு சிறுநீரகத்தை இழந்திருந்தவர். முதல் அளவுகோலிலேயே அவ்வெற்றி தளர்ந்துவிடுகிறது. 1974 ஒக்டோபர் 30 அன்று கின்சாசாவில் அலி எதிர்கொண்ட ஜோர்ஜ் போர்மனோ 25 வயதினர்; 40 போட்டிகளில் தோல்வியே காணாதவர்; அவற்றுள் 37 ஐ எதிராளியை வீழ்த்தி முடித்தவர். அலியை முன்பு வென்றிருந்த பிரேசியரையும் நோட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் அடக்கியவர். 32 வயது அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கி, அவரைக் களைக்கவைத்து 8 ஆம் சுற்றில் வீழ்த்தினார். பார்வைக்கு 1966 அழகு. மதிப்பீட்டில் 1974 மேல்.

126 இறாத்தலுக்குரிய பெதர்வெயிட்டில் வில்லி பெப்பின் 1949 பெப்ரவரி வெற்றி இவ்வளவுகோல்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. 1947 இல் விமான விபத்தில் படுகாயமுற்று மீண்டவர் அவர். 1948 ஒக்டோபரில் சாண்டி சட்லர் அவரை 4 ஆம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்திருந்தார். நான்கு மாதங்களுக்குள் அதே சட்லரை 15 சுற்றுகளில் புள்ளிகளால் வென்று பெப் பட்டத்தை மீட்டார். பின்னர் நடந்த இரு போட்டிகளிலும் சட்லரே வென்றார். இத்தோல்விகள் 1949 இன் மதிப்பை உயர்த்துகின்றன. பெப் வென்றவர் எத்தகையவர் என்பதற்கு அவையே சான்று.

வெல்டர்வெயிட்டில் முடிவு எளிதன்று. 1938 மே மாதம் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் ஏறத்தாழ 134 இறாத்தல் உடலோடு 147 இறாத்தல் பிரிவின் பட்டத்தை பார்னி ரொஸ்ஸிடமிருந்து வென்றார். அதே ஆண்டில் மூன்று பிரிவுகளின் பட்டங்களையும் ஒருசேரத் தாங்கினார். எனினும் ரொஸ்ஸுக்கு அதுவே இறுதிப் போட்டி. 1980 ஜூனில் மொன்றியலில் ரொபேட்டோ டுரான் வென்ற ரே லெனார்ட் தோல்வி அறியாத சம்பியன். டுரானும் 135 இறாத்தல் பிரிவிலிருந்து ஏறி வந்தவரே. ஆகவே இப்பிரிவில் டுரானையே முன்வைக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் மறுபோட்டியின் 8 ஆம் சுற்றில் டுரான் தாமாகவே ஒதுங்கியதை எதிர்வாதமாகக் காட்டலாம். ஆனால் இங்கே மதிப்பிடப்படுவது ஓர் இரவின் ஆற்றுகை. முழு வாழ்க்கைக்கான தீர்ப்பை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

இலங்கை வரலாறு மூன்றாம் அளவுகோலை வலியுறுத்துகிறது. 1938 சிட்னி பேரரசு விளையாட்டு விழாவில் பெதர்வெயிட் தங்கம் வென்றவர் இலங்கையின் பார்னி ஹென்றிகஸ். 2010 இல் டில்லி பொதுநலவாய விழாவில் மஞ்சு வன்னியாராச்சி பன்டம்வெயிட்டில் பெற்ற தங்கம் ஊக்கமருந்துப் பரிசோதனையின் பின் பறிக்கப்பட்டது. தராசு சமநிலையின் ஒரு பகுதியை மட்டுமே உறுதிசெய்யும். எஞ்சியதைக் காப்பது வீரரின் நேர்மை.

வட சென்னையை முன்வைத்து ஒரு மறுப்பும் எழலாம். இடியாப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை எனக் குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து மோதிய அங்கே வெற்றி ஒரு கூட்டத்தின் மானமாக எண்ணப்பட்டது. அப்படியாயின் ஆற்றுகையின் மதிப்பைப் பார்ப்போரே படைக்கிறார்கள் அல்லவா என்று கேட்கலாம். பார்ப்போர் படைப்பது புகழை. வலிமையான எதிராளி இல்லாவிட்டால் அந்தப் புகழுக்கும் ஆதாரம் இல்லை. பரம்பரைப் பெருமையும் எதிர்ப் பரம்பரையின் வலுவையே நம்பி நின்றது.

இம்முடிவிலிருந்து நம் ஆவணப்படுத்தலுக்கும் ஒரு நெறி பிறக்கிறது. கல்லூரி மலர்களிலும் கழக அறிக்கைகளிலும் ‘தங்கம் வென்றார்’ என்ற ஒற்றை வரி போதாது. நிறைப்பிரிவு, எதிராளியின் பெயரும் முந்தைய பெறுபேறுகளும், நீடித்த சுற்றுகள், மத்தியஸ்தரின் தீர்ப்பு ஆகியவையும் பதியப்பட வேண்டும். தோற்றவரின் தரம் பதியப்படாத இடத்தில் வென்றவரின் தரத்தை நிறுவ எவராலும் இயலாது.