சிங்கப்பூரின் பயண அட்டை

சிங்கப்பூரில் பேருந்து, எம்ஆர்டி எனப்படும் பெருவிரைவு ரயில், எல்ஆர்டி எனப்படும் இலகு ரயில் ஆகிய மூன்றிலும் செல்லும், முன்பணம் நிரப்பிய மின்னட்டையே பயண அட்டை. 2002 ஏப்ரல் 13 அன்று அறிமுகமான ஈஸி-லிங்க் இத்தகைய அட்டைகளுள் பரவலாக அறியப்பட்டது; 2009இல் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டையும் சேர்ந்துகொண்டது. சில்லறை எண்ணும் தொல்லையிலிருந்து விடுதலை என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன், பயணச் செலவு குறைவது. பயணி எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், அடுத்து எந்த வண்டிக்கு மாறினார் என்பது அட்டைக்குத் தெரியும், ரொக்கத்துக்குத் தெரியாது. இந்த நகரில் கிடைக்கும் கட்டணக் குறைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

ஈஸி-லிங்குக்கு முன்பு, 1990 முதல், காந்தப் பட்டை கொண்ட டிரான்சிட்லிங்க் அட்டை புழக்கத்தில் இருந்தது. அதைக் கருவியின் வாய்க்குள் செருகி எடுக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் பேருந்துப் படியில் வரிசை தேங்கும். அதன் இடத்துக்கு வந்த ஈஸி-லிங்க், சோனி நிறுவனத்தின் ஃபெலிக்கா தொழில்நுட்பத்தில் அமைந்தது. பையிலிருந்து எடுக்காமலே கருவிமேல் வைத்தால் போதும் என்பதால் வரிசை நகர்ந்தது. 2009இல் சிங்கப்பூரே வகுத்த செபாஸ் தரத்துக்கு அட்டைகள் மாற்றப்பட்டன. வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளை ஒரே கருவி படிக்க இது வழிசெய்தது.

கட்டணம் கணக்கிடப்படும் முறை

2010 ஜூலை 3க்கு முன், பேருந்திலிருந்து ரயிலுக்கோ இன்னொரு பேருந்துக்கோ மாறினால் ஒவ்வொரு வண்டியிலும் அடிப்படைக் கட்டணம் புதிதாக விழும். மாறியதற்காக ஒரு சிறு தொகை மட்டும் கழிக்கப்படும். நேரடிப் பேருந்து இல்லாத பேட்டையில் குடியிருந்தவர் அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் கொடுத்துவந்தார் என்று பொருள். அந்த ஜூலை 3இல் நடப்புக்கு வந்த தூரவழிக் கட்டணம், மாறிச் செல்லும் வண்டிகள் அனைத்தின் தூரத்தையும் கூட்டி ஒரே பயணமாகக் கணக்கிடுகிறது. இந்தத் தீவின் பொதுப் போக்குவரத்தில் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்த மிக நியாயமான சீர்திருத்தம் இது.

2024 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, பெரியவர் ஒருவர் அட்டையில் 3.2 கிலோமீட்டர் வரை செல்ல 1.19 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. 40.2 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 2.47 வெள்ளிதான். முதல் மூன்று கிலோமீட்டருக்கே ஏறத்தாழப் பாதிப் பணம் போய்விடுகிறது; அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில காசுகள்தான் கூடும். ஆகவே தூரத்தைவிட, ஒரு பயணம் இரண்டாக உடைவதுதான் செலவைக் கூட்டுகிறது. தனித்தனியாகக் கணக்கிடப்படும் இரண்டு குட்டிப் பயணங்களுக்கு அந்தக் கட்டணப்படி 2.38 வெள்ளி ஆனது. தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் செலவுக்கு அது ஒன்பது காசுதான் குறைவு.

பயணம் உடையாமல் இருக்கச் சில விதிகள் உண்டு. ஒரு பயணத்தில் ஐந்து முறை வரை மாறலாம். பேருந்திலிருந்து இன்னொரு பேருந்துக்கோ ரயிலுக்கோ மாற 45 நிமிட அவகாசம். மாறுதல்கள் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இறங்கிய அதே எண் பேருந்தில் மீண்டும் ஏறினால் அது மாறுதலாகாது, புதுப் பயணம்.

இந்தக் கடைசி விதி தெரியாமல் காசை விடுகிறவர்கள் நிறைய. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவர் தேக்கா சந்தையில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் நிறுத்தத்துக்குத் திரும்பிவிடுகிறார். வந்த அதே எண் பேருந்தில் ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடியும் முதலிலிருந்து. அதே திசையில் போகும் வேறு எண் பேருந்திலோ, பக்கத்திலுள்ள லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலிலோ ஏறினால் முந்தைய பயணம் தொடர்கிறது. கூடுதல் தூரத்துக்கான காசு மட்டுமே கழியும். சந்தையில் 45 நிமிடத்தைத் தாண்டிப் பேரம் பேசினால் இந்த வசதி போய்விடும்.

பேருந்தில் இறங்கும்போது தட்ட மறப்பது இன்னொரு வீண்செலவு. தட்டாதவர் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரை சென்றதாகக் கருதிக் கட்டணம் பிடிக்கப்படும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஓர் அட்டையை ஒரே பயணத்தில் இருவர் பகிர முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

நேரம், மாதச் சலுகை அட்டை

காலை நெரிசலைத் தணிக்க 2013 ஜூன் 24இல் ஒரு முயற்சி தொடங்கியது. வார நாள்களில் காலை 7.45க்கு முன் நகர மையத்தின் 16 நிலையங்களில் வெளியேறுவோருக்கு ரயில் பயணம் இலவசம். அது 2017 டிசம்பரில் முடிந்து, வேறு உருவம் எடுத்தது. இப்போது வார நாள்களில் 7.45க்கு முன் எந்த நிலையத்தில் நுழைந்தாலும் 50 காசு வரை தள்ளுபடி. பொது விடுமுறை நாள்களுக்கு இது பொருந்தாது. பழைய முயற்சியில் வெளியேறும் நேரம் கணக்கு, இப்போது நுழையும் நேரம். வேலை நேரத்தைத் தாமே தீர்மானிக்க முடியாத துப்புரவுப் பணியாளர்களும் உணவங்காடி உதவியாளர்களும் எப்படியும் விடியலில் கிளம்புகிறவர்கள். ரயிலில் செல்லும் அவர்களுக்கு இந்தத் தள்ளுபடி சரியாகப் போய்ச் சேர்கிறது.

பெரியவர்களுக்கான மாதச் சலுகை அட்டையில் பேருந்திலும் ரயிலிலும் கணக்கில்லாமல் செல்லலாம். ஆனால் வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2024 கட்டணப்படி, மிக நீண்ட தூரத்துக்கான 2.47 வெள்ளியை நாளுக்கு இரு முறை, மாதம் 22 நாள் கொடுத்தாலும் 108.68 வெள்ளிதான் ஆகும். அட்டையின் விலையோ 120 வெள்ளிக்கு மேல். வேலைக்குப் போய் வருவதோடு நின்றுவிடுகிறவருக்கு இதனால் இழப்பே. நாளெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கும் விற்பனையாளர், வீடுவீடாகப் போகும் துணைப்பாட ஆசிரியர் போன்றோருக்கு இது உதவும்.

மாணவர், 60 வயதை எட்டிய மூத்தோர், உடற்குறையுள்ளோர், குறைந்த ஊதியத் தொழிலாளர் ஆகியோருக்குத் தனிச் சலுகை அட்டைகள் உள்ளன. மாணவருக்கும் மூத்தோருக்கும் 7.2 கிலோமீட்டருக்குப் பிறகு கட்டணம் மேலும் உயராது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் பெரியவர் கட்டணத்தையே கொடுத்துவருவோரால், வேறெந்த வழியைவிடவும் இதில்தான் அதிகம் சேமிக்க முடியும்.

ரொக்கமாகக் கொடுப்போருக்குக் கட்டணமும் அதிகம், மாறுதல் சலுகையும் கிடையாது. பேருந்து ஓட்டுநர் மீதிச் சில்லறையும் தரமாட்டார். ரயில் நிலையங்களில் ஒருமுறைப் பயணத்துக்கான சீட்டு விற்பனை 2022 மார்ச்சில் நின்றுவிட்டது.

சிம்ப்ளிகோவும் 2024இன் திருப்பமும்

2019இல் தொடங்கிய சிம்ப்ளிகோ முறையில் பணம் அட்டைச் சில்லில் இல்லை. கணக்கு மையக் கணினியில் இருக்கிறது. வங்கி அட்டையையோ கைப்பேசியையோ நேரடியாகத் தட்டலாம், கட்டணமும் அதேதான். வெளிநாட்டு வங்கி அட்டையில் தட்டுவோருக்கு மட்டும், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். சில நாள்கள் தங்க வரும் விருந்தினர் உள்ளூர் அட்டையின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

2024 ஜனவரி 9 அன்று, நிலப் போக்குவரத்து ஆணையம் பழைய பணம் நிரப்பும் அட்டைமுறையை ஜூன் 1 முதல் பெரியவர்களுக்கு நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு உடனே எழுந்தது. பழைய அட்டையைத் தட்டினால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதம் என்பது கருவியின் திரையில் தெரியும். புதிய முறையில் தெரியாது, செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவைத்துச் செலவிடுகிறவர்களுக்கு அந்தத் திரைதான் கணக்கேடு. தவறான கட்டணம் பிடிபட்டால் அந்த இடத்திலேயே கண்ணில் படுவதும் அதில்தான். இந்த எதிர்ப்பைச் சிறு வசதியைப் பற்றிய முணுமுணுப்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

ஜனவரி 22 அன்று போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அம்முடிவைக் கைவிட்டார். கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவிட்டு, பழைய முறை குறைந்தது 2030 வரை நீட்டிக்கப்படும் என்றார். அதன்பின் இரண்டு முறைகளும் ஒரே கருவியில் அக்கம்பக்கமாக இயங்குகின்றன. மாறுதல் கணக்கும் அதிகாலைத் தள்ளுபடியும் இரண்டிலும் ஒன்றே.