அருமண் என்னும் பெயர்

பொருந்தாத பெயரும் சில வேளைகளில் நிலைத்துவிடுகின்றது. ‘அருமண்’ என்று நாம் தமிழாக்கி வழங்கும் பெயர் அத்தகையது. அது குறிக்கும் பொருள் அரியதும் அன்று, மண்ணும் அன்று.

1787ஆம் ஆண்டு, சுவீடன் தலைநகருக்கு அண்மையிலுள்ள இட்டர்பி என்னும் சிற்றூரின் கற்சுரங்கத்தில், அர்ரேனியஸ் என்ற படை அலுவலர் கனத்த கருநிறக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794இல் பின்லாந்து அறிஞர் கடோலின் அக்கல்லினின்று அதுவரை அறியப்படாத ஒரு ‘மண்’ இருப்பதைக் கண்டார். அக்கால வேதியியலார் வழக்கில் மண் என்பது வயல்மண் அன்று. நெருப்பில் மாறாமலும் நீரில் கரையாமலும் நின்ற பொருள்களை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். அவை உலோகத்தின் ஆக்சைடுகள் என்பது பின்னரே தெளிவாயிற்று. சில இடங்களில் மட்டுமே கிடைத்தமையால் ‘அரிய’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. இன்று நாம் அறிவதோ வேறு. இவ்வினத்தைச் சார்ந்த சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உள்ளது. நிலையானவற்றுள் மிக அரிதான தூலியங்கூட வெள்ளியைவிட மிகுதி. ஓரிடத்தில் திரண்டு கிடப்பதும், ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதுமே அரிது.

சீரியம் 1803இல் கண்டறியப்பட்டது. 1801 சனவரி முதல் நாளன்று பலெர்மோ நகரில் பியாசி என்பவர் கண்ட சீரிஸ் என்ற குறுங்கோளின் பெயரே அதற்கு இடப்பட்டது. பியாசி தியாத்தீன் சபைக் குரு. குருவானவர் ஒருவர் தாம் கண்ட கோளுக்கு உரோமையரின் தானியத் தேவதையின் பெயரைச் சூட்டினாரே என்று நம் வாசகர் சிலர் புருவம் உயர்த்தலாம். அத்தேவதையைச் சிசிலித் தீவுக்கு உரியவளாகக் கருதுவது பழைய மரபு.

குருமடத்தில் கிரேக்கம் சிறிதேனும் கற்றோர்க்கு மற்றப் பெயர்கள் இன்னும் நெருக்கமானவை. 1839இல் மொசாண்டர் என்பவர் சீரியத்தினுள் ஒளிந்திருந்த மற்றொரு தனிமத்தைக் கண்டார். அது லாந்தனம், ‘மறைந்திருந்தது’. தீர் நாட்டுப் பகுதியில் ஒரு வீட்டினுள் சென்ற இயேசுவால் மறைந்திருக்க இயலவில்லை என மாற்கு (7:24) கூறுமிடத்தில் வரும் வினைச்சொல்லும் இதன் வேர்ச்சொல்லே. 1841இல் லாந்தனத்தோடு பிரியாது நின்ற இன்னொன்றை அவர் ‘டிடிமியம்’ என்றழைத்தார். இரட்டை என்பது பொருள். யோவான் நற்செய்தியில் ‘திதிம்’ எனப்படும் தோமாவை நாம் அறிவோம். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல். ஆனால் 1885இல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் அந்த இரட்டையையே இரண்டாகப் பிரித்துவிட்டார். ஒன்று பச்சை இரட்டை, பிரசியோடைமியம். மற்றொன்று புதிய இரட்டை, நியோடைமியம். இன்று மின்சார ஊர்திகளின் மோட்டார்களுக்கு உரிய வலிய காந்தங்களில் சேர்வது இப்புதிய இரட்டைதான்.

இத்தனிமங்களைத் தாங்கும் முதன்மையான தாதுக்களுள் ஒன்று மோனசைட். ‘தனித்திருத்தல்’ என்ற கிரேக்க வினையினின்று 1829இல் பிரைத்தௌப்ட் இப்பெயரை ஆக்கினார். துறவியைக் குறிக்கும் ‘மோனக்கோஸ்’ இதன் உறவுச்சொல். அவர் கண்ட படிகங்கள் ஒற்றையாகவும் அரிதாகவும் கிடைத்தன. கன்னியாகுமரிக் கடற்கரையை அவர் கண்டிருப்பின் வேறு பெயர் தேடியிருப்பார் என்பது நம் எண்ணம். இங்கே அது இல்மனைட்டோடும் சிர்க்கானோடும் கார்னெட்டோடும் கூட்டமாகவே வாழ்கின்றது.

1909இல், அன்றைய திருவிதாங்கூரைச் சார்ந்த மணவாளக்குறிச்சியில், ஷோம்பெர்க் என்ற செருமானியர் இதனை இனங்கண்டார். அந்நாளில் தேடப்பட்டது அருமண்ணன்று, மோனசைட்டில் கலந்துள்ள தோரியம். முன்னே கூறிய வெல்ஸ்பாக் அமைத்த விளக்குவலைக்கு அது வேண்டியிருந்தது. நம் திருவிழாச் சப்பரங்களின் முன் வெண்ணிறமாய் ஒளிர்ந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘மேண்டில்’ அவ்வலையின் வழிவந்ததே. 1950இல் நிறுவப்பெற்ற இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தின் வழியாக ‘அருமண்’ என்ற சொல் அரசுத்துறையின் பெயராகவும் ஆயிற்று.

கரையோர மக்கள் வாயில் அது என்றும் கருமணல்தான். காலடியில் கிடக்கும், காற்றில் வீட்டினுள் வரும் மணல். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அவர்களது கவலை வீண் என்று நாம் தள்ளிவிட இயலாது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை முதலிய ஊர்ப்பகுதிகளில் 1144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்திற்கு மீனவர்களும் பங்கு மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2024 அக்டோபர் முதல் நாளுக்குக் குறிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இதற்கிடையே பெயர் மீண்டும் மாறியது. அணுக் கனிமம், இன்றியமையாக் கனிமம், உத்திசார் கனிமம் என்பன இன்றைய சட்டச் சொற்கள். நாட்டிற்குக் காந்தங்கள் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு பொருளின்மேல் ஏற்றப்படும் அடைமொழி, அதன்மேல் குடியிருப்போரிடம் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது முறையன்று. 2025 செப்டம்பரில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணைப்படி, இம்மூன்று பெயர்களுக்குள் அடங்கும் கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை.