நான்காவது பைட்டு

தரவுத்தளத்தில் அட்டவணை உருவாக்கிய பலரும் கட்டளையின் இறுதியில் 'டிஃபால்ட் சார்செட்=யூடிஎஃப்8' என்ற வரியை ஒருமுறையேனும் ஒட்டியிருப்பர். யாரோ எழுதிவைத்த நிரல்துணுக்கிலிருந்து எடுத்து, பொருள் ஆராயாமல் ஒட்டுவதே வழக்கம். நானும் அவ்வாறே செய்தேன். தமிழ் பிராமிக் கல்வெட்டுகளுக்கான என் அட்டவணையில் தமிழ் வாசிப்பு, பிராமி வடிவம், அதன்பின் என் குறிப்பு என அனைத்தையும் ஒரே புலத்தில் இட்டேன். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது வாசிப்பு மட்டுமே எஞ்சியிருந்தது.

யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்தனர். ஓர் எழுத்துக்கு ஆறு பைட்டு வரை இடமளித்த அம்முறை 2003இல் நான்கு பைட்டு என வரையறுக்கப்பட்டது. ஆனால் மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்பில் 'யூடிஎஃப்8' என்னும் பெயரில் வந்தது மூன்று பைட்டோடு நின்றுவிட்டது. நான்கு பைட்டு எழுத்து வந்தால், கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட வழங்கியில் அவ்விடத்திலிருந்து எஞ்சிய உரை முழுவதும் வெட்டப்படும். கிடைப்பது ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதை யார் படிக்கிறார்கள்?

இக்குறை நம் கண்ணில் படாமைக்குக் காரணம் உண்டு. நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்துகளின் குறியீடுகள் யாவும் மூன்று பைட்டுக்குள் அடங்கும், தேவநாகரியும் அவ்வாறே. நான்கு பைட்டு வேண்டுபவை ஒருங்குறியில் பின்னர்ச் சேர்ந்த பிராமி (2010), கிரந்தம் (2014), தமிழ்ப் பின்னக் குறிகள் (2019) முதலியன. பெரும்பாலான எமோஜிகளும் இவ்வகையினவே. இக்குறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவை எமோஜிகளே, கல்வெட்டுகள் அல்ல என்பது எனக்குச் சற்று வருத்தமே.

திருத்தம் 2010இலேயே வந்துவிட்டது. பிராமி ஒருங்குறியில் இடம்பெற்ற அதே ஆண்டில், மைஎஸ்கியூஎல் 5.5.3 பதிப்பு 'யூடிஎஃப்8எம்பி4' என்பதை அறிமுகப்படுத்தியது. பழைய பெயரின் பொருளைத் திருத்தாமல் புதுப்பெயர் சூட்டியதே சிக்கலை நீட்டித்தது என்பேன். 2018இல் 8.0 பதிப்பு புதியதை இயல்பிருப்பாக்கியது. ஆயினும் ஒட்டப்பட்ட பழைய வரி இயல்பிருப்பை மீறிச் செயற்படும்.

ஒரே பிழை பல சுவடிகளில் காணப்பட்டால் அவை ஒரு தாய்ச்சுவடியின் வழிவந்தவை என மூலபாட ஆய்வில் கொள்கிறோம். துணுக்குகளின் கால்வழியையும் இவ்வாறு காணலாம். ஆனால் சுவடியில் பிழை படியெடுக்கும்போது நுழைகிறது. இங்கோ ஓர் எழுத்தும் பிசகாமல் படியெடுத்ததே பிழையைக் காத்துவந்தது.

என் அட்டவணைக்கு 'கன்வர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' என்ற மாற்றுக் கட்டளை ஒன்றே போதுமாயிற்று. வெட்டுண்ட குறிப்புகளை அது மீட்டுத் தரவில்லை; கள ஏட்டைப் பார்த்து அவற்றை மீண்டும் தட்டச்சு செய்துவருகிறேன்.